காட்டின் காவல் ஊராரிடமே

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், வயல்களையும் குடியிருப்புகளையும் கடந்தபின், பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த வன்னிக் காட்டைக் காண்பர். மாரி பிறந்ததும் அக்காட்டோரப் பற்றைகளில், இலைநுனியையே சுருளாக்கிப் பற்றியேறும் கார்த்திகைக் கொடி, பச்சையாய் அரும்பி மஞ்சளாய் விரிந்து செந்தழல் நிறமாய் முதிரும் மலர்களைச் சூடி நிற்பது ஓர் அற்புத தரிசனமாகும்.

யுத்தத்தின் நாசத்திற்குத் தப்பிய இச்செல்வம், பழத்திற்காகப் பாலைமரத்தின் கிளைகளையே தறிப்போராலும், கள்ளத்தனமாய் முதிரை வெட்டுவோராலும், கிழங்குக்காகக் கார்த்திகைக் கொடியை வேரோடு அகழ்வோராலும் க்ஷீணிப்பதை நாம் பார்த்திருத்தல் தகாது.

ஊரார் விழித்தெழுந்தால் இயற்கையைக் காக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், டங்ஸ்டன் சுரங்கத்திற்கென அப்பகுதி ஏலம் விடப்பட்டபோது, சுற்றுவட்டாரக் கிராமத்தவர் ஒன்றுதிரண்டு எதிர்த்தமையாலேயே 2025 ஜனவரியில் அவ்வேலம் ரத்தாயிற்று. சட்டம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு உயிரூட்டுவது ஜனங்களின் விழிப்பேயாகும்.

ஆதலால் வனத் திணைக்களம் ஊர்மக்களைச் சந்தேகத்துடன் நோக்காது சகபாடிகளாக ஏற்றல் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கோயில் பரிபாலன சபைகளும் தத்தம் எல்லையிலுள்ள காட்டுத்துண்டைப் பொறுப்பேற்க, பாடசாலைகள் தேக்கை விடுத்துப் பாலை, வீரை நாற்றுகளை வளர்க்க, கிளை தறியாது பழம் பறிக்கும் நியமத்தை ஊரே விதித்துக் காத்தால், வன்னியின் வனமும் மலரும் நம் சந்ததிக்கு நிச்சயம் எஞ்சும்.