இழிவு எலும்பிலா, எண்ணத்திலா?

தலைக்கறி, கால், குடல், இரத்தம் இவைகளைத் தின்பவன் கீழானவன் என்றும், சதையை மட்டும் தின்பவன் அவனுக்கு ஒருபடி மேலென்றும், ஒன்றையுமே தொடாதவன் எல்லோருக்கும் மேலென்றும் நம் நாட்டில் ஒரு ஏணி கட்டி வைத்திருக்கிறார்கள். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், "வழக்கம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஆகவே லண்டனிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் சமாச்சாரத்தை இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ஸ்மித்பீல்டு என்பது 800 வருஷங்களுக்கு மேலாக ஆடுமாடுகளுக்கும் இறைச்சிக்கும் பேர்போன பேட்டை. அதன் பக்கத்தில், முன்பு பன்றி இறைச்சியைப் புகைபோட்டுப் பதப்படுத்தி வந்த ஒரு கட்டடத்தில், 1994-ம் வருஷம் ஃபெர்கஸ் ஹென்டர்சன் என்பவரும் ட்ரெவர் கல்லிவர் என்பவரும் கூட்டுச் சேர்ந்து, "செயின்ட் ஜான்" என்ற பெயரால் ஒரு சாப்பாட்டு விடுதியும் மதுக்கூடமும் திறந்தார்கள். அடுப்பு முன்னவர் பொறுப்பு. வியாபாரம் பின்னவர் பொறுப்பு. அடுப்படிக்காரர் சமையல் பள்ளியில் படித்தவருமல்ல; அவர் படித்தது கட்டடக்கலை. கடையில் வெள்ளையடித்த சுவரைத் தவிர ஒரு படமில்லை, பாட்டில்லை.

பரிமாறியது என்ன? சுட்ட மூளை எலும்பு, அதன் ஊனை வழித்துத் தடவிக்கொள்ள ரொட்டி. பன்றித்தலை, வால், நாக்கு, இருதயம், இரைப்பை. அதாவது சீமான்கள் ஒதுக்கியவையும் ஏழைகள் வயிறு வளர்த்தவையும். ஒரு பிராணியைக் கொன்றபின் பாதியை எறிவது மரியாதையல்ல என்பதே அவர் கொள்கை. 1999-ல் இதையே புத்தகமாகவும் எழுதினார். 2009-ல் மிஷலன் நட்சத்திரம் கிடைத்தது. பல தேசத்துச் சமையற்காரர்களும் அதைப் பின்பற்றலானார்கள்.

நாம் கேட்பது இதுதான்: ஏழை உறிஞ்சியபோது இழிவாயிருந்த எலும்பு, நட்சத்திரம் வந்தவுடன் எப்படி உயர்ந்தது? எலும்பு மாறவில்லை, ஊன் மாறவில்லை. தின்றவன் மாறினான், அவ்வளவுதான். அப்படியானால் இழிவு இருந்தது எலும்பிலா, அல்லது ஏழையை இழிவாய் நினைத்தவன் மூளையிலா?

மதுவும் விற்கும் கடையைப் புகழலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குடியை நாம் புகழவில்லை. பணக்காரன் தின்னத் தொடங்கினால் மலிவான கறியும் விலையேறி ஏழைக்கு எட்டாமற் போகாதா என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. சுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றி வைத்திருந்தவனைத் தெருவிலேயே விட்டுவிடுவது மரியாதையல்ல, திருட்டேயாகும்.

தோழர்களே! நம் கடைத்தெருவில் சாயங்காலம் ஆட்டுக்கால் சூப்பு காய்ச்சி விற்கும் அம்மாளுக்கும், குடலைச் சுத்தம் செய்து குழம்பு வைக்கும் தாய்மாருக்கும் உள்ள கைத்திறன் லண்டன் அடுப்புக்குக் குறைந்ததல்ல. அவர்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஒருவரும் வரவேண்டியதில்லை. அவர்கள் சட்டியைப் பார்த்து மூக்கைப் பிடிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிட நமக்கு யோக்கியதை வந்தால் போதும்.