சின்னச் சொல் செய்கிற வம்பு

ஆங்கிலம் கற்கும் பிரெஞ்சுக்காரிக்கு 'அபாண்டன்', 'கன்டின்யூ' எல்லாம் தெரிந்த முகங்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சிலிருந்து போய்க் குடியேறிய பிறந்த வீட்டுச் சொந்தங்கள் அல்லவா!

வம்பு பண்ணுகிறவை குட்டிச் சொற்கள்தாம். 'புட்' என்றால் வை. 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப்போடு. 'அவுட்' சேர்ந்தால் விளக்கை அணை. 'அப் வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்!

'இந்தத் தொல்லை எதற்கு?' என்று பழைய சொந்தங்களையே பிடித்துக்கொண்டால், லண்டன் மாமியாரிடம் பேசுகிற பேச்சு கோர்ட் தஸ்தாவேஜு மாதிரி இருக்கும். மரியாதை குறையாது, ஒட்டுதல்தான் வராது.

வழி உண்டு. 'புட்' குடும்பத்தை வரிசையாக நெட்டுருப் போட வேண்டாம். விளக்கை அணைக்கும்போதே 'புட் அவுட் தி லைட்' என்று முழுசாகச் சொல்லிப் பழகட்டும். கைக்காரியத்தோடு வந்த சொல் மறக்குமோ?