பாம்பு நம் வரப்பில், விஷமுறிவு மருந்து டவுனில்!

விவசாயப் பெருங்குடி மக்களே!

கடன் தள்ளுபடி, கொள்முதல் விலை, மும்முனை மின்சாரம் என்று எத்தனையோ கோரிக்கைக்காக நாம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த முறை பாம்புக்கடி மருந்தையும் கோரிக்கையில் சேர்த்திருக்கிறோம். "இது டாக்டருங்க சமாச்சாரம், சங்கத்துக்கு இதில் என்னய்யா வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

பாம்பு யாரைக் கடிக்கிறது? ராத்திரி கரெண்ட் வந்ததும் மோட்டார் போட ஓடுகிறவரை, களை எடுக்கிற பெண்ணை, வைக்கோல் போரில் கை விடுகிறவரை, தரையில் பாய் போட்டுத் தூங்குகிற பிள்ளையை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்குச் சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000 உயிர். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். மில்லில் கை போனால் தொழில் விபத்து என்கிறார்கள். வரப்பில் உயிர் போனால் மட்டும் தலையெழுத்தா?

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 1890-ல் பெரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பிராணிக்குக் கிருமியின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்கினால், அதன் ரத்தத்தில் அந்த விஷத்துக்கு முறிவு உண்டாகிறது. ரத்தத்தைத் தெளியவைத்து எடுத்து வேறு உயிருக்குப் போட்டால் அதுவும் பிழைக்கிறது. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் இப்படித்தான் முறிவு வந்தது. 1894-ல் பிரெஞ்சு டாக்டர் கால்மெத் இதே வழியில் பாம்பு விஷத்துக்கு முறிவு மருந்து செய்தார். இன்றைக்கும் குதிரைக்கு விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் இந்த மருந்தை எடுக்கிறார்கள்.

அந்தக் குதிரைக்குப் போடும் விஷம் எங்கிருந்து போகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் இருளர் மக்கள் கையால் பிடித்து, விஷத்தைக் கறந்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாடு பூராவும் மருந்து செய்ய இந்த விஷம் போகிறது. அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆக, மருந்தின் வேர் நம் தமிழ் மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் கடிபட்ட நேரத்துக்கு நம் கைக்கு எட்டுகிறதா?

நேரம்தான் இதில் எல்லாம். முறிவு மருந்து ரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். விஷம் ஏற்கெனவே கெடுத்துவிட்ட கிட்னியை அது திருப்பித் தராது. கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போய் கிட்னி பழுதாகும். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆகும் ஒவ்வொரு மணி நேரமும் விஷத்துக்குத்தான் லாபம்.

நம் வட்டாரத்தில் நாம் பார்ப்பது என்ன? ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறது, ராத்திரி டாக்டர் இல்லை. இன்னொன்றில் டாக்டர் இருக்கிறார், மருந்து மூன்றே குப்பி. முதல் தடவைக்கே எட்டு முதல் பத்துக் குப்பி வேண்டும். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! மருந்து சிலருக்கு ஒவ்வாமை கிளப்பும் என்று பயந்து, ஊசி போடாமலே "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அனுப்புவதும் நடக்கிறது. அந்த ஒவ்வாமையை அடக்க அட்ரினலின் ஊசி இருக்கிறது. விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய லேப் வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்து, சாய்த்துப் பார்த்தால் உறைந்ததா இல்லையா என்று விரியன் கடி தெரிந்துவிடும். கட்டுவிரியன், நல்லபாம்பு கடிக்கு இமையையும் மூச்சையும் கவனிக்க வேண்டும்.

2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாக்கத் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. கணக்கெடுப்பதை வரவேற்கிறோம். செத்தவரை எண்ணுவதோடு நில்லாமல், பிழைக்க வையுங்கள் என்கிறோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குதிரை இல்லாமலே முறிவு செய்யும் ஆராய்ச்சி நடக்கிறது. அது வரட்டும், சந்தோஷம். ஆனால் நூறு வருஷத்துக்கு முந்திய மருந்தே நம் ஊர் வந்து சேராதபோது, புது மருந்து மட்டும் தானாக நடந்து வந்துவிடுமா?

ஆகவே நாம் கேட்பது:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்நேரமும் குறைந்தது 20 குப்பி விஷமுறிவு மருந்து; இருப்பு எவ்வளவு என்று வாசலில் தினமும் பலகையில் எழுத வேண்டும்.

2. ராத்திரியும் டாக்டர், நர்ஸ். அவர்களுக்குப் பாம்புக்கடிப் பயிற்சி. முதல் தவணை மருந்தைப் போட்ட பிறகே மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

3. விவசாயத்துக்குப் பகலிலேயே மும்முனை மின்சாரம்.

4. செத்தவர் குடும்பத்துக்கு அலையவிடாமல் நிவாரணம்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மந்திரம், பச்சிலை என்று நேரத்தைத் தொலைக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி போகும்போது டார்ச்சும் காலில் பூட்சும் இருக்கட்டும்.

மருந்து இருந்தும் சாவது விதி ஆகாது. அது நிர்வாகத்தின் அலட்சியம். கடைசிப் பக்கத்தில் உள்ள நாளில் தாலுகா ஆபீஸ் முன் குடும்பத்தோடு திரள்வீர்! கேட்டுப் பெறுவோம்!