நீங்கள் கேட்டவை: கொலையானவருக்கு விபத்துக் காப்பீடு கிடைக்குமா?

'வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் என் கணவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அவருடைய வங்கிக் கணக்கில் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸுக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். வங்கியில் கேட்டால், கொலைக்கு விபத்துக் காப்பீடு வராது என்கிறார்கள். உண்மையா?'

- வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

உண்மையில்லை. 20 ரூபாய் பிடித்தம் என்றால், அது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் (பிரதான் மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா). விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். தற்கொலைக்குக் கிடையாது, கொலைக்கு உண்டு என்று திட்டத்தின் கேள்வி-பதில் குறிப்பிலேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அதை அச்செடுத்து வங்கி மேலாளரிடம் காட்டலாம். பாஸ்புக்கில் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. சம்பவம் நடந்த ஆண்டுக்கான 20 ரூபாய் பிடிபட்டிருக்க வேண்டும். கணக்கில் பணமில்லாமல் அது விடுபட்டிருந்தால் சிக்கல்தான்.

'வராது' என்ற பேச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், 2000-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆளைக் கொல்வதே நோக்கமென்றால் அது வெறும் கொலை. ஆட்டோவைத் திருடும்போது கொன்றிருந்தால் விபத்து மரணம் என்றது. அது மோட்டார் வாகனச் சட்டப்படியான இழப்பீட்டு வழக்கு. ஆனாலும் தனியார் விபத்து பாலிசிகளில், முன்விரோதக் கொலை என்றால் இதைக் காட்டி மறுப்பதுண்டு. இறந்தவர் குடித்திருந்தார், அவர்தான் சண்டையைத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட பாலிசியில் எதெதற்குப் பணம் கிடையாது என்ற பகுதியை வரி விடாமல் படிக்க வேண்டும். 20 ரூபாய் திட்டத்தில் இந்த நோக்க ஆராய்ச்சிக்கே இடமில்லை.

இழுபறி பெரும்பாலும் காகிதத்தில்தான் வரும். வெட்டுப்பட்டு, நாலு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்திருந்தால், முதல் தகவல் அறிக்கையில் 'கொலை முயற்சி' என்றே இருக்கும். பிறகு போலீஸார் கொலைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்துக்கான அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, நாமினியின் ஆதார், பாஸ்புக் நகல் ஆகியவற்றுடன் 30 நாள்களுக்குள் வங்கியில் படிவம் கொடுப்பது நல்லது. துக்க வீட்டில் யாருக்கு இதெல்லாம் நினைவிருக்கும்? உறவில் விவரமான ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். நாள் கடந்திருந்தாலும், காரணத்தை எழுதி, படிவத்தைக் கொடுத்து, ஒப்புகைச்சீட்டு வாங்குங்கள்.

வாயால் சொல்லும் 'இல்லை'யை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) மனு கொடுக்கலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கும் கட்டணம் கிடையாது.