பெரியவர்களும் செல்ஃபோனும் - கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து

"அப்பாவுக்கு நல்ல ஃபோனா வாங்கிக் கொடுத்தாச்சு, சொல்லியும் கொடுத்தாச்சு, தொடவே மாட்டேங்கறார்" என்று ஒரு கூட்டம். "கீழேயே வைக்க மாட்டேங்கறார், விடிஞ்சா போதும், குட் மார்னிங் பூ படம் அனுப்பறார்" என்று இன்னொரு கூட்டம். வேடிக்கை என்னவென்றால், பல வீடுகளில் இந்த ரெண்டு புகாரும் ஒரே மனிதரைப் பற்றித்தான்!

நான் இருப்பது நாக்பூரில். வங்கி உத்தியோகம், இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம். ரயில்வே, நிலக்கரிக் கம்பெனி, அம்பாஜரி தளவாடத் தொழிற்சாலை என்று வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள் நிறைந்த ஊர். என் மேஜைக்கு எதிரே தினமும் நாலைந்து பேராவது கையில் ஃபோனை நீட்டியபடி வந்து உட்காருவார்கள். "சாஹேப், ஏதோ மெசேஜ் வந்திருக்கு, என்னன்னு பாருங்க." இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு கருத்து உருவாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இது.

பெரியவர்களுக்கு ஃபோன் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு ஒரு ஃபோன் என்றால் சந்தோஷமாக வைத்துக்கொள்கிறார்கள். அதுவே மணிபர்ஸாக, கையெழுத்தாக, அடையாள அட்டையாக ஆகும்போதுதான் பின்வாங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நாம் அறியாமை என்கிறோம். இல்லை, அதில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் நாட்டில் செல்ஃபோனின் முதல் அழைப்பு 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது பேசினாலும் காசு, அழைப்பு வந்தாலும் காசு. வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது 2003-ல்தான். அதே வருஷம் டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 வந்தது. இன்றைக்கு எழுபதைத் தாண்டியவர்கள் அந்த ஃபோனை எப்படிக் கொண்டாடினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? லேண்ட்லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்தபடியே மகனிடம் பேசியவர்கள். அவர்களுக்கு அது வரப்பிரசாதம். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மிஸ்டு கால் கொடுத்துக் காசை மிச்சம் பிடிக்கும் வித்தையைக்கூட அவர்களேதான் கற்றுக்கொண்டார்கள்.

ஆக, புது மெஷின் என்றாலே மிரள்கிற தலைமுறை இல்லை இது. என் வாடிக்கையாளர் ஒருவர் ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். முப்பது வருஷத்துக்கு மேல் பிளாக் இன்ஸ்ட்ருமென்ட்டை வைத்துக்கொண்டு ரயில்களை மோதாமல் அனுப்பி வைத்தவர். அவருக்கு ஒரு ஆப் புரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. அவர் சொன்னது இதுதான்: "என் வேலையில எந்தப் பொறுப்பு யாரோடதுன்னு தெளிவா இருந்தது. இதுல தப்பு நடந்தா யாரைக் கேக்கறது?"

இந்தக் கேள்வியை யோசித்துப் பாருங்கள். செக் எழுதிக் கொடுத்துவிட்டு மனசு மாறினால், அது வங்கிக்கு வந்து பணமாவதற்குள் ஸ்டாப் பேமென்ட் கொடுக்கலாம். பணம் எடுக்கும் ஸ்லிப்பில் ஒரு சைபர் கூடிப்போனால் கேஷியர் நிமிர்ந்து பார்த்து "காகா, இவ்வளவா?" என்று கேட்பார். நடுவில் ஒரு மனுஷன் இருந்தான். 2016-ல் வந்த யு.பி.ஐ.யில் அந்த மனுஷன் இல்லை. விரல் பட்டது, பணம் போனது. தவறான ஆளுக்குப் போய்விட்டால் புகார் கொடுக்கலாம்தான், ஆனால் அந்த ஆள் சம்மதித்துத் திருப்பித் தரவேண்டும். நம் வயசில் ரெண்டாயிரம் தவறிப்போனால் திட்டிவிட்டு அடுத்த மாதச் சம்பளத்தில் சமாளிப்போம். பென்ஷனில் இருப்பவருக்கு அது மருந்துச் செலவு.

அப்புறம் மோசடி. 2024-ல் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு நடந்தது எல்லாப் பேப்பரிலும் வந்தது. அப்போது அவருக்கு வயசு 82. சி.பி.ஐ. அதிகாரிகள் போல் வீடியோ காலில் வந்து, போலியாக உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தி, 7 கோடி ரூபாயைக் கறந்துவிட்டார்கள். (புகார் கொடுத்ததும் போலீஸ் 5 கோடிக்கு மேல் மீட்டது.) 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்று அந்த அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டி வந்தது. பெரிய தொழிலதிபரையே உட்கார வைத்து ஏமாற்ற முடியும்போது, மாயவரத்தில் தனியாக இருக்கும் என் அம்மா "எனக்கு அந்தப் பெரிய ஃபோன் வேணாம்டா" என்று சொன்னால் அவரை விவரம் தெரியாதவர் என்று நான் எப்படிச் சொல்வது? அவர் பட்டன் ஃபோனில் தினமும் ராத்திரி எட்டரைக்கு என்னோடு பேசுகிறார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்ஃபோன் பீரோவில், துண்டில் சுற்றி, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது :-)

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த ஃபோன் நம்பர் யாருடையது?

என் கிளைக்கு வரும் ஒரு ஆஜிக்கு (மராத்தியில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) குடும்ப பென்ஷன் வருகிறது. கணவர் இறந்ததும் கணக்கில் மகனுடைய நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். மகன் நல்லவர்தான், புனேயில் வேலை. "அம்மாவுக்கு எதுக்குத் தொல்லை, ஓ.டி.பி. எனக்கு வரட்டும்" என்று நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் ஆஜி ரெண்டாயிரம் எடுத்தால் அடுத்த நிமிஷம் புனேயிலிருந்து அழைப்பு வரும். "ஆயி, எதுக்கு எடுத்தே?" கோபமில்லை, சும்மா ஒரு விசாரிப்பு. பேத்திக்குக் கொலுசு வாங்கக்கூட கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் தானே கடைக்குப் போய் ஒரு பட்டன் ஃபோன் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "இந்த நம்பரை மாத்திக் கொடு சாஹேப். பேசறதுக்கு இல்ல. என் பணம் என்கிட்டதான் பேசணும்." படிவத்தை நிரப்பி மாற்றிக் கொடுத்தேன். முதல் எஸ்.எம்.எஸ். வந்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அந்த ஃபோனைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்படி, எழுபத்தைந்து வயசில் சுயமாக வாழ்வதற்காக ஃபோன் வாங்கியவரும் இருக்கிறார். அதே காரணத்துக்காக ஃபோனே வேண்டாம் என்பவரும் இருக்கிறார். ஃபோன் கையில் இருந்தால் பத்து நிமிஷம் எடுக்காவிட்டால் மருமகள் வரைக்கும் கலவரம். "கோயிலுக்குப் போனாக்கூட எங்கே இருக்கேன்னு காமிக்குதாமே, நான் என்ன ஓடிப்போற வயசா?" என்று கேட்டார் ஒருவர். நம் அக்கறை அவர்களுக்குச் சில நேரம் காவலாகத் தெரிகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. காது மந்தமான ஒரு ரிடையர்டு வாத்தியார், வாட்ஸப் வந்த பிறகுதான் சகஜமாக "பேச" ஆரம்பித்தேன் என்கிறார். டொரன்டோவில் இருக்கும் பேரனை வீடியோவில் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அதே ஃபோனில் வங்கி ஆப்பைத் திறக்கச் சொன்னால் கையை இழுத்துக்கொள்வார். இது முரண்பாடு மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. தப்பாகப் போனால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடுகிறார், அவ்வளவுதான். பேரனுக்குத் தப்பான பூ படம் போனால் ஒன்றும் ஆகாது. பி.காமில் எனக்கு ரிஸ்க் பற்றிச் சொல்லிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

மெஷினே அவர்களுக்கு எதிராக இருக்கும் சங்கதிகளும் உண்டு. நிதானமாக அழுத்தினால் அது வேறொரு கட்டளையாகி ஏதோ ஒரு பெட்டி திறக்கிறது. போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் பட்டன் இல்லை. பென்ஷன்காரர்களுக்கு 2014-ல் வந்த டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல திட்டம்தான். ஆனால் உழைத்துத் தேய்ந்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷினில் விரலை வைத்து வைத்து எடுத்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது பெரிய உதவி. அதே நவம்பரில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கிளைக்கு நேரில் வந்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, நாலு பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டுப் போக விரும்புகிறவரை "ஏன் காகா அலையறீங்க, ஃபோன்லயே முடிக்கலாமே" என்று விரட்டுவதும் நடக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. சௌகரியம் என்று கொடுத்தது கட்டாயம் ஆகக்கூடாது.

சரி, என்னதான் செய்யணும் என்கிறாய் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது: மூத்த குடிமக்களுக்கு என்று கவுண்டர், கேட்டால் வருஷத்துக்கு 25 செக் தாள் இலவசம், எழுபதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை. இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். யாரும் போடுகிற பிச்சை இல்லை இது. வீட்டுச் சேவைக்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பெரியவர் யு.பி.ஐ. ஆசைப்பட்டால் தனியாக ஒரு சின்னக் கணக்கு ஆரம்பித்து, மாதச் செலவுக்கானதை மட்டும் அதில் போடுங்கள். பென்ஷனும் டெபாசிட்டும் ஃபோன் எட்டாத கணக்கில் இருக்கட்டும். பர்ஸில் கொஞ்சம், பெட்டியில் மிச்சம். இது அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

3. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதியில், வெளியாள் செய்த மோசடியை மூணு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. ஆனால் ஓ.டி.பி.யைத் தானே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் வரையான நஷ்டம் அவர் தலையில். ஆகவே முதலில் சொல்லித் தர வேண்டியது 1930 என்ற சைபர் கிரைம் நம்பரை. பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். கூடவே "பணம் போயிட்டா உடனே எனக்குச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று சத்தியம் பண்ணுங்கள். திட்டு விழும் என்று பயந்து ரெண்டு நாள் மறைத்ததால்தான் பல பேர் பணம் கைக்கு எட்டாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

4. கணக்கில் யார் நம்பர் இருக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் நம்பர்தான் இருக்கட்டும் என்று அவர்களே சொன்னால் சரி. நாமாக எழுதிக் கொடுப்பது வேறு.

5. ஃபோன் வேண்டாம் என்று சொன்னால் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

எல்லாக் கவுண்டரும் ஒருநாள் மூடிவிடும், அதனால் இப்போதே பழகட்டும் என்று என் சக ஊழியர்களே வாதம் செய்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கவுண்டரைத் திறந்து வைப்பதும் மூடுவதும் நம் கையில் இருக்கிற முடிவு, மழை வெயில் மாதிரி தானாக வருவது இல்லை. நாற்பது வருஷம் சம்பாதித்த பணத்தை எந்தக் கையால், எந்த வேகத்தில் தொடுவது என்று சொல்லும் உரிமை சம்பாதித்தவருக்குத்தானே? இன்னும் இருபது வருஷத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நானும் நீங்களும்தான் நிற்கப் போகிறோம். அப்போது எந்த மெஷினை நம் கையில் கொடுப்பார்களோ, யார் கண்டது!

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து. எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்காதீர்கள், பிழைப்பு ஓடணும் :-)