வழியனுப்பிய மறுநாள்



பள்ளிக்கூடமொன்றின் உள்விளையாட்டரங்கம். கூடைப்பந்து ஆடும் தளத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. மேடையில் மாநில ஆளுநரும் படைத்துறைத் தலைவர்களும் வீற்றிருக்கின்றனர். நடுவே சீருடையணிந்த இளைஞர்களும் இளநங்கையரும் விறைத்து நிற்கின்றனர். அவர்களைச் சுற்றிலும் பெற்றோர், மனைவியர், கணவன்மார், கைக்குழந்தைகள். சொற்பொழிவுகள் நிகழ்கின்றன; கரவொலி எழுகின்றது; நாட்டுப்பண் இசைக்கப்படுகின்றது. வெளியிலோ பேருந்துகள் காத்து நிற்கின்றன. 'கலைந்து செல்க' என்னும் ஆணை ஒலித்ததும் வரிசைகள் குலைகின்றன. தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்ட குழந்தையின் பிடியை விடுவிக்கத் தாய் படும் பாட்டை எந்தச் சொற்பொழிவும் குறிப்பிடுவதில்லை.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-க்குப் பின்னர், ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் படைகள் அனுப்பப்பட்ட ஆண்டுகளில், அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் நிகழ்ந்த காட்சி இது.

"பிறர் மண்ணிற்குப் படையெடுத்துச் சென்றவர்களுக்கு நடந்த விழாவைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறி 2003-இல் ஈராக்கின்மீது போர் தொடுக்கப்பட்டது. அவ்வாயுதங்கள் கண்டெடுக்கப்படவே இல்லை. அப்போரை நியாயப்படுத்துவதற்காக இவ்வரிகள் எழுதப்படவில்லை. எனினும், போரைத் தீர்மானிப்போர் வேறு. போருக்கு அனுப்பப்படுவோர் வேறு. முன்னவர்களைக் கண்டிப்பதில் பின்னவர்களின் பிள்ளைகளை மறந்துவிடுவோமாயின், நம் நீதியுணர்வில் ஏதோ குறை இருக்கிறது என்பதே பொருள்.

அந்த அரங்கில் நின்றவர்கள் யார்? அவர்களுள் பெரும்பாலோர் 'நேஷனல் கார்டு' எனப்படும் தேசியக் காவற்படையைச் சேர்ந்தவர்கள். இவர்கள் முழுநேரப் படைவீரர்கள் அல்லர். மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் எனப் பயிற்சி பெற்றுவிட்டு, மற்ற நாட்களில் ஆசிரியராகவும், வண்டி பழுது பார்ப்பவராகவும், உழவராகவும், செவிலியராகவும் வாழ்பவர்கள். படைமுகாம்களில் வாழும் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாரும் அதே நிலையில் இருப்பர். துன்பத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும். காவற்படை வீரரின் மனைவிக்கோ அந்தத் துணையும் இல்லை. தெருவில் ஏனைய வீடுகளில் தந்தையர் மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருக்க, அவள் வீட்டில் மட்டும் ஒரு நாற்காலி வெறுமையாக இருக்கும்.

மின்னசோட்டா மாநிலத்துக் காவற்படையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அம்மாநிலத்திலிருந்து ஏறத்தாழ 2,600 பேர் கொண்ட படைப்பிரிவொன்று, பயிற்சிக்குப் பின் 2006-ஆம் ஆண்டில் ஈராக் சென்றடைந்தது. 2007 வசந்த காலத்தில் திரும்பிவிடுவர் என்று குடும்பங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தன. 2007 ஜனவரியிலோ, மேலும் நான்கு மாதங்கள் அங்கேயே தங்க வேண்டுமென ஆணை பிறந்தது. நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளிடம் தாய்மார்கள் என்ன கூறியிருப்பர்? பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 22 மாதங்கள் அவ்வீரர்கள் பணியில் இருந்து, 2007 கோடையில் ஊர் திரும்பினர்.

திரும்பியவர்களுக்கு மறுபடியும் விழாக்கள் நடந்தன. ஆனால் அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. அன்றைய விதிகளின்படி, குறிப்பிட்டதொரு கல்வி உதவித்தொகையைப் பெற 730 நாட்கள் பணியாற்றியிருத்தல் வேண்டும். அவ்வீரர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருடைய பணியாணைகளில் 729 நாட்கள் என்று எழுதப்பட்டிருந்தது! ஒரே ஒரு நாள் குறைவு. எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னரே படைத்துறை அவ்வாணைகளை மறு ஆய்வு செய்ய முன்வந்தது. மேடையில் வாத்தியம் முழங்க 'மாவீரர்' என்று புகழ்ந்த அரசு, ஏட்டில் ஒரு நாளைக் குறைத்து எழுதியது. சிறப்பிப்பது என்பது மேடையில் உள்ளதா, ஏட்டில் உள்ளதா?

பழைய மரபொன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். முதல் உலகப் போரின்போது, 1917-ஆம் ஆண்டில், ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் குயிசர் என்னும் படைத் தலைவர் சிறு கொடியொன்றை வடிவமைத்தார். அவருடைய புதல்வர் இருவர் படையில் இருந்தனர். சிவப்பு விளிம்புடைய வெண்ணிறத் துணியில், போர்ப்பணிக்குச் சென்றுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நீல விண்மீன். அக்கொடி வீட்டுச் சாளரத்தில் தொங்கும். வீதியில் செல்வோர், 'இவ்வீட்டில் ஒருவர் போர்முனையில் இருக்கிறார்' என அறிந்துகொள்வர். சென்றவர் உயிர் துறந்தால், அந்நீலத்தின்மீது பொன்னிற விண்மீன் பொருத்தப்படும். 1942 நவம்பரில் 'ஜூனோ' என்னும் போர்க்கப்பல் மூழ்கியபோது, அயோவா மாநிலத்துச் சல்லிவன் குடும்பத்தின் ஐந்து புதல்வர்களும் மாண்டனர். ஐந்து நீல விண்மீன்களும் பொன்னிறமாயின. பொன்னின் நிறத்தை அவ்வளவு அஞ்சத்தக்கதாக ஆக்கியது போர் ஒன்றே!

அப்பொன் விண்மீன் முஸ்லிம் இல்லங்களிலும் ஏறியுள்ளது. ஹுமாயூன் கான் என்னும் இளைஞரின் பெற்றோர் பாகிஸ்தானைச் சேர்ந்தவர்கள். அவர் பிறந்தது ஐக்கிய அரபு அமீரகத்தில், வளர்ந்தது அமெரிக்காவில். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் தரைப்படையில் கேப்டனாகப் பணியாற்றினார். 2004 ஜூன் 8 அன்று, ஈராக்கில் பஃகூபா நகருக்கருகே முகாமின் வாயிலை நோக்கி ஐயத்திற்குரிய வாடகைக் கார் ஒன்று வந்தது. தம் வீரர்களைப் பின்னால் இருக்கும்படி பணித்துவிட்டு, அவர் மட்டும் அதனை நோக்கி நடந்தார். கார் வெடித்தது. அவருக்கு வயது 27. ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

2016 ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்த அரசியல் மாநாட்டில் அவருடைய தந்தை கிஸ்ர் கான் உரையாற்ற, தாய் கஸாலா கான் அருகே வாய் திறவாது நின்றார். அந்த மௌனத்தையும் சிலர் ஏளனம் செய்தனர். மகனின் படத்தைக் கண்ணுற்றால் தம்மால் பேச இயல்வதில்லை என்று அத்தாய் பின்னர் விளக்க நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஆறாத புண் அது. மகனைப் பறிகொடுத்த தாயிடமே 'ஏன் பேசவில்லை?' என்று கேட்கும் சமுதாயம், வழியனுப்பு விழாக்களில் எத்துணை மலர்களைச் சொரிந்தால்தான் என்ன?

அவ்வாறாயின் உண்மையான சிறப்பிப்பு யாது? அதற்கும் அந்நாட்டிலிருந்தே சான்று காட்டலாம். பணிக்கழைக்கப்பட்டுச் சென்றவர் திரும்பி வந்தால் பழைய வேலையை அவருக்கு மீண்டும் அளித்தல் வேண்டுமென 1994-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அவர் முன்னரே பெற்றிருந்த கடன்களுக்குப் பணிக்காலத்தில் ஆறு விழுக்காட்டிற்கு மேல் வட்டி பெறலாகாது என 2003-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. மின்னசோட்டா மக்கள், திரும்பி வந்த வீரர்கள் குடும்ப வாழ்வில் மீண்டும் பொருந்துவதற்குத் துணைபுரியும் திட்டமொன்றைத் தம் மாநிலத்தில் தொடங்கினர். அதுவே 2008-இல் நாடு முழுமைக்குமான திட்டத்திற்கு வழிகாட்டியாயிற்று.

இவற்றினும் நெஞ்சைத் தொடுவது ஒரு தாயின் முயற்சி. கடற்படை மருத்துவராகிய கணவர் பணி முடித்து வீடு திரும்பியபோது, சிறு மகளுக்குத் தந்தையை அடையாளம் தெரியவில்லை. அந்த வேதனையை மறவாத பெட்டி மோலன்பிராக் என்னும் அம்மையார், 1989-இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். தொலைவில் பணியாற்றும் தந்தையோ தாயோ கதைப்புத்தகம் ஒன்றைப் படிப்பதைப் பதிவு செய்து பிள்ளைக்கு அனுப்புவதே அதன் பணி. இரவில் அக்குழந்தை தந்தையின் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு உறங்கும். கரவொலியைக் காட்டிலும் இச்சிறு செயல் எவ்வளவு உயர்ந்தது!

வாசகர்களே! இப்பிரிவின் வலி நமக்குப் புதிதன்று. 'சபர்' சென்றவர்களின் வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனை எத்தனை! முன்னர் பர்மாவும் மலேயாவும். பின்னர் வளைகுடா நாடுகள். அவர்கள் துப்பாக்கி ஏந்திச் சென்றவர்கள் அல்லர், பொருளீட்டச் சென்றவர்கள். ஆயினும் தந்தையைப் படத்தில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளையின் ஏக்கத்திற்கு நாட்டு வேற்றுமை கிடையாது. என்னிடம் பாடம் பயிலும் சிறுவர்களுள், 'வாப்பா எப்போது வருகிறார்கள்?' என்று கேட்டால், விரல் விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. பயணம் புறப்படும் நாளில் தெருவே திரண்டு வந்து வழியனுப்பும்; மறுநாள் அப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல யார் வருகிறார்?

நம் நாட்டுப் படையினரும் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையில், 1960-களில் காங்கோ, பின்னர் லெபனான், தெற்கு சூடான் எனத் தொலைதூர நாடுகளுக்குச் சென்றுள்ளனர். அத்தகைய வீரரின் குடும்பம் உங்கள் தெருவிலும் இருத்தல் கூடும். அவ்வீட்டு வாயிலைக் கடந்து செல்லும்போது ஒருகணம் நின்று, 'மருந்து வாங்க வேண்டியுள்ளதா? வங்கிக்குச் செல்லத் துணை வேண்டுமா?' என்று கேட்பது நம்மால் இயலாத செயலன்று.

இன்னும் ஒன்று. அமெரிக்கச் சிற்றூரின் சாளரத்தில் பொன் விண்மீன் ஏறிய அதே நாட்களில், பாக்தாதிலும் பஃகூபாவிலும் எண்ணற்ற இல்லங்களில் தாய்மார்கள் அழுதுகொண்டிருந்தனர். அவர்களுக்குக் கொடியும் இல்லை; விண்மீனும் இல்லை; வழியனுப்பு விழாவும் நடைபெறவில்லை. கடைக்குச் சென்ற மகன் திரும்பவில்லை, அவ்வளவே. ஒரு தாயின் கண்ணீரைப் போற்றி, மற்றொரு தாயின் கண்ணீரைக் காணாதிருப்பது சிறப்பிப்பும் ஆகாது, நீதியும் ஆகாது. படைவீரரைச் சிறப்பிக்க விரும்பும் எந்த அரசும் முதற்கண் செய்யத்தக்கது, தேவையற்ற போருக்கு அவரை அனுப்பாதிருத்தலேயாகும்.

விழா முடிந்துவிடும், வாத்தியக் குழு கலைந்துவிடும், நாற்காலிகள் அடுக்கி வைக்கப்படும். மறுநாள் காலையில் அவ்வரங்கில் பிள்ளைகள் மீண்டும் பந்து விளையாடுவர். அவர்களுள் ஒரு பிள்ளை மட்டும் விளையாடாமல் சுவரோரம் அமர்ந்திருக்கும். அதன் அருகே சென்று அமர்பவர் எவரோ, அவரே உண்மையில் அவ்வீரரைச் சிறப்பித்தவர்.

சிந்திப்போம், செயல்படுவோம்.