காற்புள்ளியும் கூலியும்

ஆங்கிலத்தில் பலவற்றை அடுக்கி எழுதுகையில், இறுதியில் வரும் 'ஆர்' என்னும் சொல்லுக்குமுன் காற்புள்ளி வேண்டுமா எனப் பிள்ளைகள் வினவுவர். இரு வழக்கும் உண்டு. பொருள் மயங்குமிடத்து இடுவதே நன்று.

அமெரிக்காவின் மெயின் மாநிலச் சட்டமொன்று, மிகைநேர ஊதியத்துக்கு உரிமையற்ற வேலைகளை அடுக்கி, இறுதியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்டிரிபியூஷன்' என்றது. 'ஆர்' என்பதற்குமுன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா? விநியோகத்துக்காகச் சிப்பம் கட்டுவது மட்டுமா? சிப்பம் கட்டாது, பாற்பொருள்களை விநியோகித்த ஓட்டுநர்கள் வழக்காடினர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐயத்தின் பயனைத் தொழிலாளர்க்கே அளித்தது; 2018இல் நிறுவனம் 50 இலட்சம் டாலர் தர இசைந்தது.

உழைப்பவர் கூலி ஒரு சிறு புள்ளியிலும் தங்கக்கூடும். அன்பர்களே, எழுதியதை அனுப்புமுன் மறுமுறை படியுங்கள்.